புள்ளி மறையும் இடம்

ஜனவரி 9

அன்புள்ள சுண்டெலிக்கு,

உன் மாமா எழுதுவது. இங்கே நான் இரும்புத் தூண் மாதிரி இருக்கிறேன். உன் அத்தை, என்னைத் திட்டுவதற்கு வேண்டிய ஆரோக்கியத்தோடு இருக்கிறாள். அங்கே நீயும் என் அக்காவும் நேரத்துக்குச் சாப்பிட்டு, குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

போனில் பேசினால் போதாதா என்று அக்கா கேட்கிறாளாம். போனில் நான் பேச ஆரம்பித்தால், ‘ம்’ கொட்டியே தாடை வலிக்கிறது என்று நீதான் சொன்னாய். ஆகவே கடிதம். இதில்தான் உனக்கும் பேச ஒரு முறை வரும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை மன்னித்து விட்டவன். பிழை இருந்தால் உன் கம்ப்யூட்டரில் போட்டுத் தட்டிச் சரிசெய்துகொள்.

நீ அனுப்பிய தாள் வந்தது. முன்னறை அலமாரிக் கதவில் குத்தி வைத்தேன். கிட்டே நின்று பார்த்தால் ஆரஞ்சும் நீலமும் புள்ளி புள்ளியாக, அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கிறது. பின்னால் நகர்ந்தேன். நாற்காலிக்கு வந்தேன், புள்ளி. வாசற்படிக்கு வந்தேன், அப்போதும் புள்ளி. வெளியே நடைக்கு வந்து, எதிர்வீட்டுத் தையல்காரர் கதவில் முதுகு இடித்தது பார், அப்போது சட்டென்று புள்ளியெல்லாம் போய் ஒரு சாயங்கால வானம்! அந்த நேரம் பார்த்து அவர் கதவைத் திறந்தார். நான் மல்லாக்க அவர் மெஷின் மேல்.

“என்ன சார், வீட்ல சண்டையா?”

“யோவ், சூரியன் மறையுதுய்யா, வந்து பாரு.”

“உங்க அலமாரியிலயா?”

அவர் பார்த்தார். உள்ளே போய் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். டிக்கெட் போட்டிருக்கலாம்.

என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் இல்லாவிட்டால் இந்த ஊரில் பாதிக் கடைக்குப் பெயரே கிடையாது. எல்.இ.டி. போர்டு எங்கே மாட்டினாலும் மேலே ஏறுவது நான்தான். கொக்கு கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வான். (அவன் பெயர் வேறு என்னவோ. கழுத்தைப் பார்த்தால் நீயும் இதைத்தான் வைப்பாய்.) முதலாளியிடம் சொல்லிவிட்டேன்: “என் அக்கா பொண்ணு கம்ப்யூட்டர்ல ஒரு வானம் பண்ணியிருக்கா. நம்ம பெரிய போர்டுல அதை ஒருநாள் ஏத்தணும். என் கையால மாட்டி, என் கண்ணால பார்க்கணும்.” அவர் கண் கலங்கிவிட்டது.

இப்படிக்கு,
உன் மாமா,
தலைமை மின்னொளிப் பொறியாளர்

பிப்ரவரி 2

அன்புள்ள தலைமைப் பொறியாளர் மாமாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “முதலாளி கண் கலங்கியது வெங்காயத்தாலா என்று கேள்” என்கிறாள்.

நான் செய்கிற சாஃப்ட்வேரைப் பற்றி, தையல்காரர் கேட்டால் சொல்வதற்கு: சின்னச் சின்னச் சதுரமாக வைத்து, கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் படம் வரைகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டுமென்றே நாலைந்து நிறத்துக்கு மேல் தொட மாட்டார்கள். அதில் ஆரஞ்சு மெல்ல நீலமாக மாற வேண்டும் என்றால், நடுவில் வேறு நிறம் இல்லை. ஆரஞ்சுப் புள்ளிகளுக்கு நடுவே நீலப் புள்ளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். கண் அதைக் கலந்துகொள்ளும். கையால் செய்தால் ஒரு வானத்துக்கு ஒரு நாள் போய்விடும். என் கருவியில் இரண்டு நிறத்தைத் தொட்டு ஒரு கோடு இழுத்தால் போதும், புள்ளிகளை அதுவே தூவிவிடும்.

சிக்கல் என்னவென்றால், இதையே நாள் முழுக்கப் பார்ப்பதால் எனக்குப் புள்ளி மட்டும்தான் தெரிகிறது. வானம் தெரியவே மாட்டேன் என்கிறது. போர்டைத் தெருவில் நின்று பார்த்துப் பழகிய கண் வேண்டும். அதுதான் உங்களைக் கேட்டேன்.

புதுத் தாள் வைத்திருக்கிறேன். புள்ளி எங்கே மறைகிறது என்று மட்டும் எழுதுங்கள். தையல்காரர் கதவு வரை போக வேண்டி இருந்தால் நான் தோற்றேன். வீட்டுக்குள்ளேயே மறைந்தால் ஜெயித்தேன்.

அன்புடன்,
சுண்டெலி

மார்ச் 6

வெற்றித்திருமகள் சுண்டெலிக்கு,

மாமாவின் வாழ்த்து. நலம், நலமோ நலம். உங்கள் நலத்தையும் அதே அளவில் எதிர்பார்க்கிறேன். அக்காவிடம் சொல், முழங்காலுக்கு என்னிடம் ஒரு எண்ணெய் இருக்கிறது. அதைத் தடவிய ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடியே வீட்டுக்கு வந்தார். பஸ் பின்னால் வந்தது.

புதுத் தாளைக் குத்தினேன். இந்தமுறை தையல்காரருக்குத் தொந்தரவே இல்லை. வாசற்படியில் நின்றேன், புள்ளி மாயம்! நாலு தடவை சோதித்தேன். பழைய தாளை எடுத்துப் பார்த்தேன், அதுவும் இப்போது வாசற்படியிலேயே மறைகிறது. உன் கைராசி போன தாள் வரைக்கும் பின்னோக்கிப் பாய்ந்திருக்கிறது.

இங்கே வேறு விசேஷம் இல்லை. இப்போதெல்லாம் டீ கப்பை ரொம்பச் சின்னதாகச் செய்கிறார்கள். ஊற்றினால் பாதி மேஜைக்குப் போகிறது. உன் அத்தை கத்துகிறாள். கப் செய்தவனை விட்டுவிட்டு ஊற்றினவனைத் திட்டும் குடும்பம் இது.

கம்பெனிக்கு ஒரு நர்ஸ் வந்து எல்லாருக்கும் விரலில் குத்தி இரத்தம் பார்த்தாள். “சர்க்கரை ரொம்ப இருக்கு, டாக்டரைப் பாருங்க” என்றாள். “பேச்சே இனிப்பா இருக்கிற ஆளுக்கு இரத்தம் மட்டும் கசக்குமாம்மா?” என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். சிரித்தால் பிரச்சினை இல்லை என்றுதானே அர்த்தம்? உன் அத்தைக்கு இதைச் சொல்லவில்லை. அவள் டீயில் சர்க்கரையை நிறுத்திவிடுவாள். நீயும் வாயைத் திறக்காதே.

இப்படிக்கு,
மாமா,
தலைமைப் பொறியாளர் மற்றும் கண் ஆலோசகர்

ஏப்ரல் 11

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். அத்தைக்கு என் அன்பு. சர்க்கரைக்கு டாக்டரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் மாமா, சிரிப்பு மாத்திரை ஆகாது.

உங்கள் கடிதத்தைப் படித்து அன்று முழுக்கத் தரையில் கால் படவில்லை. வாசற்படி! ஆறு மாதமாகப் புள்ளி வரிசையை மாற்றி மாற்றிப் போட்டேன். எது சரி என்றே தெரியவில்லை. இப்போது தெரிந்துவிட்டது. பழைய தாளும் அங்கேயே மறைகிறது என்று எழுதியிருந்தீர்கள், அது மட்டும் புரியவில்லை. வெளிச்சம் மாறியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இவ்வளவு எளிதாக மறைகிறது என்றால் புள்ளியை இன்னும் பெரிதாக்கலாம். பெரிய புள்ளி என்றால் கருவியும் வேகமாக ஓடும். அப்படியே செய்து, போன வாரம் இணையத்தில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன். ஆபீஸ் வேலை முடித்து வந்து தனியாக உட்கார்ந்து செய்தது. பெரிய புள்ளித் தாளையும் அனுப்பியிருக்கிறேன். எங்கே மறைகிறது என்று சொல்லுங்கள். உங்கள் கண்தான் என் அளவுகோல்.

அன்புடன்,
சுண்டெலி

மே 20

அருமைச் சுண்டெலிக்கு,

மாமா நலம். அத்தை நலம். உங்கள் இருவரையும் பற்றி நினைக்காத நேரமில்லை என்று எழுதுவது வழக்கம். நான் தூங்கும்போது நினைப்பதில்லை, மற்ற நேரம் உண்மை.

பதில் தாமதமானதற்குக் காரணம் எனக்குக் கிடைத்த பதவி உயர்வு. இனி ஏணி ஏற வேண்டாம் என்று முதலாளி கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. கொக்குதான் இப்போது மேலே. நான் கீழிருந்து “இடதுபக்கம்டா, இன்னும் இடதுபக்கம்” என்று சொன்னால் போதும். “எண்ணே, நீங்க சொல்ற இடத்துல சுவரே இல்லண்ணே” என்கிறான். மேலே போனவுடன் திமிர் வந்துவிட்டது.

இதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஒரு மருந்துக்கடையில் ‘திறந்திருக்கிறது’ என்று பச்சையில் எரிய வேண்டிய போர்டு சிவப்பில் எரிந்தது. ஒயரை யாரோ மாற்றிச் சொருகிவிட்டார்கள். கொக்குதான் செய்திருப்பான். பாவம், பிள்ளைகுட்டிக்காரன் என்று நான் என் தலையில் போட்டுக்கொண்டேன். முதலாளி என்னை ரொம்ப நேரம் பார்த்தார். என் பெருந்தன்மையை எடை போடுகிறார் என்று புரிந்தது. அடுத்த வாரம் பதவி உயர்வு.

உன் பெரிய புள்ளி: நாற்காலியில் உட்கார்ந்தபடியே மறைந்துவிட்டது! எழுந்திருக்கவே இல்லை. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது நிறம். நீ மேதை. உனக்கு அது என் பக்கத்து இரத்தம்.

என் கண்ணாடி எங்கோ ஒளிந்துகொண்டது. உன் எழுத்தும் எறும்பு ஊர்கிற மாதிரி. அதனால் கடிதத்தை அத்தைதான் படித்துக் காட்டுகிறாள். சர்க்கரை விஷயம் அதில் இருந்தது. டீ இப்போது கசக்கிறது. நன்றி.

இப்படிக்கு,
மாமா,
மேற்பார்வைத் தலைமைப் பொறியாளர்

ஜூன் 17

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? அத்தை நலமா? அம்மா உங்கள் பதவி உயர்வுக் கதையைக் கேட்டுவிட்டு, சிரிக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏணி ஏறாம இருக்கானா, நல்லது” என்று மட்டும் சொன்னாள்.

இங்கே நிலைமை சரியில்லை. கருவியை வாங்கிக்கொண்டவர்கள் எழுதுகிறார்கள். வானம் கேட்டால் சதுரங்கப் பலகை கொடுக்கிறாயா என்று ஒருவர். கண் கூசுகிறது என்று இன்னொருவர். நல்லா இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. உங்கள் நாற்காலிக் கணக்கை எடுத்துச் சொன்னேன். “உங்கள் மாமா எந்த நாற்காலியில், எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறார்?” என்று கேட்கிறார்கள்.

மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று கூட்டிச் சொன்னீர்களா? நீங்கள் எதையும் கூட்டிச் சொல்வீர்கள், எனக்குத் தெரியும், பிடிக்கும். ஆனால் இதில் மட்டும் வேண்டாம். இன்று எல்லாம் அவசரம், தாளை உறைக்குள் திணித்துவிட்டு ஆபீஸுக்கு ஓடுகிறேன். புள்ளியைப் பழையபடி சின்னதாக்கியிருக்கிறேன். பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

அன்புடன்,
சுண்டெலி

ஜூலை 25

என் செல்லச் சுண்டெலிக்கு,

மாமா சுகம். உன் சுகம் அறிய ஆவல். உன் அத்தை பேக்கரி வேலைக்குப் போயிருக்கிறாள், நானே உட்கார்ந்து எழுதுகிறேன். வரி கொஞ்சம் மேலே கீழே ஓடினால் பேனாவைத் திட்டு.

நான் கூட்டிச் சொல்வேனா? என்னைப் பார்த்து இந்தக் கேள்வி! அந்தச் சதுரங்கக்காரர்களை இங்கே அனுப்பு. என் நாற்காலியில் உட்கார வைக்கிறேன்.

புதுத் தாளைப் பற்றிச் சொல்கிறேன், கேள். இதைக் கையில் வைத்துக்கொண்டே பார்க்கலாம். புள்ளி என்று ஒன்று இல்லவே இல்லை. மேலே ஆரஞ்சு. அது அப்படியே இறங்கி, வெட்கப்படுகிற மாதிரி கொஞ்சம் சிவந்து, பிறகு ஊதா, பிறகு இருட்டுகிற நீலம். எந்த இடத்தில் ஆரஞ்சு விடைபெற்றது என்று சொல்லவே முடியாது. தையல்காரரிடம் காட்டினேன். அவர் ஒன்றுமே பேசவில்லை. அழுதுவிட்டார் என்றே நினைக்கிறேன். இதுவரை நீ அனுப்பியதில் இதுதான் உச்சம். இதையே எல்லாருக்கும் கொடு. யார் குறை சொன்னாலும் மாமா பார்த்துச் சொன்னார் என்று சொல்.

இப்படிக்கு,
மாமா

ஆகஸ்ட் 8

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். போன் செய்தால் மாமாதான் எடுப்பார், அதனால் இதை வீட்டுக்கு அனுப்பாமல் பேக்கரி முகவரிக்கு அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

ஜூனில் நான் அனுப்பிய தாள் இன்னும் அலமாரியில் இருக்கிறதா? அது மாமாவுக்கு வைத்த தாளே இல்லை. அவருக்கு வைத்தது இங்கே என் மேஜை மேலேயே கிடக்கிறது, நேற்றுதான் பார்த்தேன். அவசரத்தில் நான் உறைக்குள் திணித்தது, பிரிண்டரில் மை சரியாக விழுகிறதா என்று பார்க்க எடுத்த தாள். மேல்பாதி ஆரஞ்சு, கீழ்பாதி நீலம். அவ்வளவுதான். ஒரு புள்ளிகூட இல்லை. நடுவில் அளவுகோல் வைத்து வெட்டின மாதிரி ஒரு கோடு.

அதை மாமா கையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஊதாவும் சிவப்பும் கலந்து இறங்குகிறது என்று எழுதியிருக்கிறார். வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. கடைசியில் வழக்கமாக வரும் பதவிப் பெயர் தாளிலேயே இல்லை, மேஜையில் எழுதியிருப்பார் போல.

அத்தை, தையல்காரர் கதவு, வாசற்படி, நாற்காலி, கை. ஒவ்வொரு கடிதமும் கிட்டே வந்துகொண்டிருந்தது. என் கருவி நன்றாகிறது என்று நான் குதித்தேன். தயவுசெய்து நாளைக்கே கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நான் சொன்னேன் என்று சொல்ல வேண்டாம்.

உங்கள்,
சுண்டெலி

செப்டம்பர் 30

அன்பு மகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். உனக்கும் அண்ணிக்கும் உடம்பு நன்றாக இருக்கட்டும். உடனே பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். எழுத உட்காருவேன், அவர் கூப்பிடுவார், எழுந்துவிடுவேன்.

டாக்டர் பார்த்தார். சர்க்கரைதான். கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறதாம். ஒளி பாய்ச்சினார்கள், ஊசியும் போட்டார்கள். இருப்பதைக் கொஞ்சம் பிடித்து வைக்கலாம், போனது வராது என்றார். “வருஷ ஆரம்பத்துல வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்மா” என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். இவர் சுவரைப் பார்த்தபடி, “அப்ப எனக்கு வேலை ஜாஸ்தி டாக்டர்” என்றார்.

அந்தத் தாளை நானும் பார்த்தேன். நடுவில் கோட்டோடுதான் தொங்கியது. இதுதான் புது மாதிரி போலிருக்கிறது என்று நினைத்தேன். கண்ணாடி தொலைந்தது என்றாரே, அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. துவைக்கும்போது கிடைத்தது. போட்டும் தெரியவில்லை என்பதை என்னிடம் சொல்லாமல் இருக்கத்தான் தொலைத்திருக்கிறார். கம்பெனியில் மருந்துக்கடை ஒயரை மாற்றிச் சொருகியது இவர்தானாம். முதலாளியும் கொக்கும் எனக்குச் சொல்லாமல் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். எல்லாரும் அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டோம்.

நீ தாள் மாற்றி அனுப்பியதை நான் சொல்லவில்லை. தையல்காரர் மனைவி வந்து, “என்னக்கா இது, சும்மா ரெண்டு கலர் பூசி மாட்டியிருக்கீங்க?” என்று கேட்டுவிட்டாள். அவர் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து பேசுவதில்லை மகளே. சாப்பிட்டீங்களா என்றால் ஆமாம். டீ வேணுமா என்றால் வேண்டாம். கல்யாணமானதிலிருந்து ‘கொஞ்சம் வாயை மூடுங்க’ என்று சொல்லாத நாள் இல்லை. இப்போது ரேடியோவைப் போட்டுவிட்டுச் சமைக்கிறேன், வீட்டில் ஒரு குரல் கேட்கட்டும் என்று. நீ ஏதாவது எழுது. நான் படித்துக் காட்டுகிறேன்.

அத்தை

அக்டோபர் 19

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா என்று கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நாங்கள் இருக்கிறோம். அம்மா உங்களைப் பார்க்க வருகிறேன் என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

அத்தை படித்துக் காட்டுவார் என்பதால் இதைச் சொல்ல எளிதாக இருக்கிறது. நீங்கள் வாசற்படி என்று எழுதிய அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பழைய தாளும் அங்கேயே மறைகிறது என்று நீங்களே சொன்னீர்கள். மாறாத தாள் எப்படி நன்றாகும்? அது உங்கள் கண்ணா என்று அன்றைக்கே நான் கேட்டிருந்தால், நேரம் இருந்தது. நான் வெளிச்சம் என்று எழுதிவிட்டு என் கருவியைக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். உங்கள் கண் போவதை மாதாமாதம் எனக்கு எழுதிக்கொண்டே இருந்தீர்கள். நான் அதற்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கருவியைச் சரிசெய்துவிட்டேன். இப்போது யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெரிய புள்ளி வரிசையை அழிக்கவில்லை. பட்டியலில் தனியாக வைத்திருக்கிறேன். அதற்குப் பெயர் ‘மாமா’. அழுத்தினால் பெரிது பெரிதாகத் தூவும். தெருவில் தூரத்திலிருந்து பார்க்கிற பெரிய போர்டுக்கு அதுதான் பொருத்தம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார், நிஜமாகவே.

உங்கள் முதலாளிக்கு நானே போன் செய்தேன். நீங்கள் சொன்ன பெரிய போர்டில், அந்தப் பர்னிச்சர் கடையில், விளம்பரம் ஆரம்பிக்கும் முன் என் வானத்தைப் போடச் சம்மதித்துவிட்டார். ‘மாமா’ வரிசையில் செய்து அனுப்பிவிட்டேன். ஆனால் நான் வர முடியாது, லீவு இல்லை. அது எப்படி இருக்கிறது என்று எனக்கு யாராவது சொல்ல வேண்டும். கொக்கு சொன்னால் ‘நல்லா இருக்கு’ என்று இரண்டு வார்த்தையோடு முடித்துவிடுவான். நீங்கள் சொல்லுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிச் சொல்லுங்கள்.

உங்கள்,
சுண்டெலி

டிசம்பர் 12

அன்புள்ள சுண்டெலிக்கு,

மாமா சொல்ல, அத்தை எழுதுவது. நான் சொல்வதை மட்டும் எழுது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கண் மட்டும் ஓய்வு கேட்டது, கொடுத்துவிட்டேன். அக்காவை அந்த முழங்காலோடு பஸ் ஏறச் சொல்லாதே, நானே ஒருநாள் வருகிறேன்.

முதலில் ஒன்று. டாக்டரிடம் போகாதது நான். நர்ஸைச் சிரிக்க வைத்தது நான். அதில் உனக்குப் பங்கு தர முடியாது. என் சொத்தில் நீ கேட்கக் கூடாத ஒன்று அது. இனி அந்தப் பேச்சு எடுத்தால் முழங்கால் எண்ணெயை உனக்கே அனுப்பிக் குடிக்கச் சொல்வேன்.

இப்போது வானம். நேற்று சாயங்காலம் போர்டு எரிந்தது. எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றோம். நான், உன் அத்தை, கொக்கு, அப்புறம் ஒரு முந்நூறு பேர். எரிந்தது பார்! தெரு அப்படியே நின்றுவிட்டது. பஸ் டிரைவர் இறங்கி வந்து, “இது யார் வேலை?” என்று கேட்டான். “என் அக்கா பொண்ணு. போர்டு என்னுது” என்றேன். மேலே ஆரஞ்சு, சுடச்சுட. அது சிவந்து, பழுத்து, ஊதாவாகி, அப்படியே நீலத்தில் இறங்கிப் படுத்துக்கொண்டது. மற்றவர்கள் எல்லாம் இன்னும் தள்ளிப் போ, தள்ளிப் போ என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு பின்னால் போனார்கள், புள்ளி மறைய வேண்டுமே. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். உன் சாஃப்ட்வேருக்கு இந்த உலகத்திலேயே புள்ளி தெரியாத ஒரே ஆள் உன் மாமாதான். இனி யாருக்கும் வராத பதவி இது.

அந்த வரிசைக்கு என் பெயர் வைத்ததற்குக் காசு கேட்கலாம் என்று இருந்தேன். உறவாகப் போய்விட்டாய், விட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
மாமா,
உலகத் தலைமை வானப் பொறியாளர்

மகளே, இதற்குக் கீழே நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. குளிக்கப் போயிருக்கிறார், பாடிக்கொண்டிருக்கிறார், அதனால் நேரம் இருக்கிறது.

நேற்று அங்கே நாங்கள் மூன்று பேர்தான். பஸ் எதுவும் நிற்கவில்லை. போர்டு எரிய ஆரம்பித்ததும் கொக்கு, “எரிஞ்சிருச்சுண்ணே!” என்றான். உடனே இவர் ஆரம்பித்துவிட்டார். சுடச்சுட ஆரஞ்சு, பழுக்கிறது, இறங்குகிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எத்தனை நாள் கழித்து அந்தக் குரல்! ஆனால் அவர் நின்றிருந்தது பக்கவாட்டில், மருந்துக்கடையின் பச்சை விளக்கைப் பார்த்து. உன் வானம் அவர் தோளுக்குப் பின்னால் இருந்தது. கொக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அவன் கையைப் பிடித்து அழுத்திவிட்டேன். அவர் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றோம்.

முடித்தார். “அங்க காத்து அடிக்குது, இப்படி நில்லுங்க” என்று தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினேன்.

முகத்தை மேலே தூக்கினார். பிறகு, “இப்பத்தான் போட்டாங்களா?” என்று கேட்டார்.

“ஆமா. இப்பத்தான் போட்டாங்க” என்றேன்.

“மேல ஆரஞ்சு மாதிரி ஏதோ இருக்கு” என்றார். “எங்க முடியுதுன்னுதான் தெரியலடி.”

“அவ அப்படித்தாங்க வரைஞ்சிருக்கா.”

தலையை ஆட்டினார். விளம்பரம் வந்து அந்த வெளிச்சம் போகும்வரை அசையவே இல்லை. பிறகு, “முதல்ல நான் சொன்னதையே அவளுக்கு எழுது. அதுதான் நல்லா இருந்துச்சு” என்றார்.

பாட்டு நின்றுவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள். அடுத்த தாளை அனுப்பு, அலமாரியில் குத்தி வைக்கிறேன்.

அத்தை